தையல் இல்லாத டியூப்

பிப்ரவரி 11, செவ்வாய்

பேரிங் கடைக்காரர் வருடா வருடம் கொடுக்கும் டைரி இது. இதில் நான் எழுதுவதெல்லாம் வெட்ட வேண்டிய அளவுகள்தான். இன்று ஷெட்டைத் திறக்கவில்லை, அளவும் இல்லை. நந்தகோபாலை மின்மயானத்தில் கொடுத்துவிட்டு வந்து, குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிறன்று மதுக்கரைப் பக்கம் பழைய கல்குவாரியில் எங்கள் ஜீப் கிளப்பின் போட்டி. ஓட்டியது என் மச்சினன் கிருபாகரன். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவன் நந்தகோபால். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். வண்டி என் ஷெட்டில் கட்டியது. பாறை மேட்டில் ஏறும்போது உருண்டுவிட்டது. கிருபாவுக்குத் தோள்பட்டை முறிந்தது. நந்து பெல்ட் மாட்டியிருக்கவில்லை. வெளியே விழுந்தவன் மேலேயே வண்டியும் விழுந்தது.

மயான வாசலில் வைத்தே ஒருவர் கேட்டுவிட்டார். "லிங்க் ஒடிஞ்சிருச்சாமே தாமு?" வேறு இடமாக இருந்தால் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

நந்துவின் மனைவி மேகலா அழவில்லை. சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண் ஒன்று இருக்கிறது, எல்.கே.ஜி. படிக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

விளையாட்டில் நடந்த விபத்து என்று போலீஸ் முடித்துவிட்டது. ஜீப் லாரியில் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. கணபதியில் எங்கள் தெருவுக்குள் லாரி திரும்பும்போது, பட்டறைக்காரர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

பின் வலது கீழ் லிங்க் வளைந்து, வெல்டுக்கு ஒரு விரல் தள்ளிக் கிழிந்திருக்கிறது. சக்கரத்து அச்சை வண்டியின் உடம்போடு பிடித்து வைக்கிற குழாய்கள்தான் லிங்க். பாறையில் ஏறும்போது பாரம் முழுக்க அதன் தலையில். கீழ் லிங்குக்கு நான் எப்போதும் ஐம்பது மில்லி வெளி விட்டம், ஆறு மில்லி கனத்தில் சீம்லெஸ்தான் போடுவேன். அதாவது, தகட்டைச் சுருட்டி ஓரத்தை ஒட்டவைத்த தையல் பைப் இல்லை, தையலே இல்லாத டியூப். இரும்புக் கடைகளில் இரண்டும் ஒரே ரேக்கில்தான் கிடக்கும். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது.

பிப்ரவரி 14, வெள்ளி

ஆரோக்கியமும் நானும் லிங்கைக் கழற்றினோம். ஆரோக்கியம் என் வெல்டர். எனக்கு வயது ஒத்தவர். பேச்சு குறைவு, கை சுத்தம்.

கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வளையம் வெட்டி, பிரஸ்ஸில் வைத்துச் சப்பையாக நசுக்கினேன். தையல் பைப்பாக இருந்தால் ஒட்டின கோட்டில் வாய் பிளந்துவிடும். இது பிளக்கவில்லை, சப்பாத்தி மாதிரி மடிந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தோம். கோடு இல்லை. டியூப் நல்ல டியூப்.

லிங்கைத் துடைத்துக்கொண்டிருந்த ஆரோக்கியம் நிறுத்திவிட்டு, "ஏனுங்ணா, இந்தக் கல்லடி பாருங்க, மேப்பக்கமில்ல பட்டிருக்குது" என்றார்.

பார்த்தேன். வளைந்த இடத்தில் பாறை கடித்த பள்ளம், டியூபின் மேல்முகத்தில். கீழ் லிங்கின் மேல்முகம் வண்டியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். நேராக நிற்கிற வண்டியில் அங்கே கல் படவே முடியாது. வண்டி தலைகீழான பிறகுதான் படும். ஆகவே லிங்க் ஒடிந்து வண்டி உருளவில்லை. வண்டி உருண்ட பிறகுதான் லிங்க் ஒடிந்திருக்கிறது.

ஆறுதலாக இருந்தது. இருந்ததை இருந்தபடி எழுதுகிறேன். சாவு விழுந்த வாரத்தில் ஒரு மனிதனுக்கு ஆறுதல் வரலாமா என்று தெரியவில்லை, வந்தது.

பிப்ரவரி 15, சனி

கிருபா ஆஸ்பத்திரியில் இன்னும் எதுவும் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

கிருபாவை நம் வீட்டுக்கே கூட்டிவந்தாயிற்று. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவன் வீட்டில் தனியாக விட என் மனைவி சுலோச்சனாவுக்கு மனமில்லை. சுலோச்சனாவுக்கு அவன் தம்பி மட்டும் இல்லை. அம்மா போன பிறகு எட்டு வயதுப் பையனை இவள்தான் வளர்த்தாள். கல்யாணப் பேச்சின்போதே, "தம்பி எங்கூடத்தான் இருப்பான்" என்று சொல்லிவிட்டுத்தான் எனக்குக் கழுத்தை நீட்டினாள்.

மதியம் கஞ்சியோடு உள்ளே போனாள். நான் கதவுப் பக்கம் நின்றிருந்தேன். டியூபில் கோளாறு இல்லை என்று அவனிடம் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். அவனே ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, அவன் இருன்னான். எறங்கி வழி பாத்துட்டு வந்து ஏறி, இருடா, பெல்ட் மாட்டிக்கறேன்னான். டைம் ஓடிட்டிருந்துது. நான் எடுத்துட்டேன். அதும் அவன் சொன்ன வழியில போகல. வலப்பக்கம் கூட்டம் நின்னுட்டிருந்துதுன்னு அந்தப் பக்கமே ஏத்திட்டேன்."

சுலோச்சனா அவன் வாயைப் பொத்தினாள். கஞ்சிக் கிண்ணம் போர்வையில் கவிழ்ந்தது. நான் உள்ளே போய்த் துணியெடுத்துத் துடைத்தேன். 

பிப்ரவரி 21, வெள்ளி

அவன் அறையில் இருந்த மாத்திரைகளை எல்லாம் சுலோச்சனா எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். குளியலறைத் தாழ்ப்பாளை என்னைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். ஏன் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம கிளப்புல கேப்பாங்களாமே, என்ன ஆச்சுன்னு."

"கேப்பாங்க. லிங்கை எடுத்துட்டுப் போய்க் காட்டப் போறேன்."

"காட்டுனா என்ன ஆகும்? வண்டி நல்ல வண்டி, ஓட்டுனவன்தான் கொன்னுட்டான்னு ஆகும். அவன் தாங்குவானா?"

"நடந்தது அதுதான சுலோ."

"நடந்தது எனக்கும் தெரியும். நந்து வரப்போறதில்ல. இவன் ஒருத்தன்தான் மிச்சம். நீங்க ஒரு வார்த்தை, பைப்பு ஒடஞ்சுதுன்னு சொன்னீங்கன்னா இவன் பொழச்சுக்குவான். உங்களுக்கு என்னங்க போகுது? ஷெட்டுல நாலு பேரு முணுமுணுப்பாங்க, அவ்வளவுதான. எனக்கு இவனையும் தூக்கிக் குடுக்கச் சொல்றீங்களா?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. எனக்குக் கோபம் வந்தாலும் கத்துவேன், பயம் வந்தாலும் கத்துவேன். அவள் அதைத் தெரிந்தவள், மடித்துக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கிளப் கூட்டம். செயலாளர் ராஜகோபால் மரியாதையாகத்தான் கேட்டார். "தாமு, உங்க பக்கம் எதாவது சொல்லணுங்களா?"

எழுந்து சொன்னேன். கடைசி வாரத்து அவசரம், கையில் சீம்லெஸ் இல்லை, கடையில் கொடுத்ததை உள்ளே பார்க்காமல் வாங்கிவந்து போட்டுவிட்டேன், அது தையல் பைப், பாரம் தாங்காமல் விட்டுவிட்டது என்றேன். வெல்டில் ஒரு குறையும் இல்லை, தப்பு பைப்பில்தான், வாங்கியவன் நான் என்று ஒருமுறைக்கு இருமுறை சொன்னேன். ஆரோக்கியத்தின் பெயர் கெடக் கூடாது.

யாரும் சந்தேகப்படவில்லை. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஷெட் வைத்திருக்கிறவர்கள். அவசரத்துக்கு அந்தக் காரியத்தை ஒரு முறையாவது செய்தவர்கள். தலைகுனிந்தபடி கேட்டார்கள். ராஜகோபால் என் தோளைத் தட்டி, "ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும்" என்றார். இனி என் ஷெட்டில் கட்டும் வண்டிக்கு டியூப் வெட்டுமுன் அவர் வந்து பார்ப்பார் என்று தீர்மானம்.

லிங்க் எங்கே என்று கேட்டார்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்றேன். நேற்றே உக்கடத்தில் போட்டாயிற்று. அது மட்டும் நிஜம்.

பிப்ரவரி 24, திங்கள்

கிருபா இரண்டு இட்லி சாப்பிட்டான்.

மார்ச் 3, திங்கள்

ஆரோக்கியம் வேலையை விட்டு நின்றுகொள்கிறார். காலையில் வந்து, தன் கண்ணாடியையும் கையுறையையும் பையில் வைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் சொன்னார்.

"வெல்டுல குத்தமில்லைன்னு நீங்க சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேனுங்ணா. அது சரி. தையல் பைப்புன்னு தெரியாமயா இத்தனை வருஷம் வெல்டு வெச்சான்னு என்னையத்தான் கேக்கறாங்க."

"ஆரோக்கியம், உங்களுக்குத் தெரியாததா."

"எனக்குத் தெரியும். அதனாலதான் போறேன். ஏன்னு நான் கேக்கலைங்ணா. நீங்களும் சொல்ல வேண்டாம்."

 டீ சொன்னேன். வருவதற்குள் போய்விட்டார்.

மார்ச் 19, புதன்

பொள்ளாச்சிக்காரர் ஒருவர் வந்தார். இந்த மாதத்தில் வந்த ஒரே ஆள். லிங்குக்குக் குழாய் வேண்டாம், கெட்டிக் கம்பியாகவே போட்டுவிடுங்கள் என்கிறார். "உங்க பைப்பு கதைதான் ஊருக்கே தெரியுமேங்க" என்று சிரித்தார். கெட்டிக் கம்பி கனம்தான் கூடும், அதே எடையில் பெரிய விட்டத்துக் குழாய் போட்டால் வளைவதற்கு அதைவிட அதிகம் தாங்கும், வண்டிக்கு வேண்டாத எடை எதற்கு என்று அரை மணி நேரம் தொண்டை வறள விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அடுத்த தெருவில் போய்க் கம்பி போட்டுக்கொண்டார்.

அவர் போன பிறகு ரேக்கில் இருக்கிற டியூப் ஒவ்வொன்றிலும் ஒரு வளையம் வெட்டி நசுக்கிப் பார்த்தேன். எதுவும் பிளக்கவில்லை. எதற்கு இதைச் செய்தேன் என்று தெரியவில்லை. அன்றைக்கு நசுக்கியதும் பிளக்கவில்லைதானே? எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்த டைரியிலும் எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கிருபா கையைத் தூக்கி இறக்கப் பழகுகிறான். முகத்தில் சதை வைத்திருக்கிறது. தாரிணியோடு உட்கார்ந்து கேரம் ஆடினான். தாரிணி என் மகள், மெக்கானிக்கல் கடைசி வருடம். தாய்மாமன் மேல் உயிர்.

ஆடிக்கொண்டே அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "மேட்டுல ஏர்றப்பவே பின்னாடி வலப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்துதுடா. ஸ்டீரிங்கே கைக்கு வரல. இப்பத்தான் ஞாபகம் வருது."

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான், சாதாரணமாகத்தான் பார்த்தான். கண்ணில் எதையும் மறைக்கிற பார்வை இல்லை. நான் சொன்னதை அவன் நம்பிவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சுலோச்சனா சமையலறையில் இருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும்.

ஏப்ரல் 24, வியாழன்

ஜூன் பதினைந்து, அதே குவாரியில் மழைக்காலப் போட்டி. கிருபா ஓட்டப் போகிறானாம். "நந்து பேருக்காக ஓட்டணும் மச்சான். இந்தத் தடவை நல்ல டியூபாப் பாத்துப் போட்டுக் குடுங்க."

நல்ல டியூபாகப் பார்த்து. எழுந்து வெளியே போய்விட்டேன். முற்றத்துக் குழாயடியில் நின்று முகம் கழுவினேன்.

முடியாது என்று சொன்னேன். அப்படியானால் வேறு ஷெட்டில் போட்டுக்கொள்கிறேன் என்றான். யாரிடம் போவான் என்று தெரியும். அந்த ஷெட்காரன் தண்ணீர் பைப்பைப் போட்டு மேலே மேட் கறுப்பு அடித்துக் கொடுப்பான். நானே போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மே 20, செவ்வாய்

தாரிணிக்குப் பரீட்சை முடிந்தது. தினமும் என்னோடு ஷெட்டுக்கு வருகிறாள். ஆரோக்கியம் இல்லாத ஷெட்டில் குரல் கேட்கிறது, அதுவே பெரிது.

லிங்குக்கான டியூபை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். வண்டி எடை, பாறையில் ஒரு சக்கரம் மட்டும் மாட்டிக்கொண்டால் வருகிற பாரம் எல்லாவற்றையும் லேப்டாப்பில் போட்டுக் கணக்கிட்டாள். நான் ஆறு மில்லி கனம் என்றேன், அவள் விட்டத்தைக் கூட்டலாம் என்றாள். குரோமோலி என்ற கலப்பு எஃகு வேண்டுமா என்று யோசித்தோம். அது பலம்தான், ஆனால் வெல்டு வைத்த இடத்தைப் பக்குவமாக ஆறவிடாவிட்டால் கண்ணாடி மாதிரி ஒடியும். கீழ் லிங்க் வளைந்து எச்சரிக்கை கொடுக்க வேண்டும், சொல்லாமல் ஒடியக் கூடாது. ஹைட்ராலிக் சிலிண்டருக்குப் போகிற சீம்லெஸ்ஸில் அறுபது மில்லி எடுத்தோம். கடையில் ஒவ்வொரு குழாயாக உள்ளே டார்ச் அடித்துக் கோடு இருக்கிறதா என்று பார்த்தாள். கடைக்காரர் சலித்துக்கொண்டார். இவள் விடவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து, "நம்ம தப்ப நாமதான்ப்பா சரி பண்ணணும்" என்றாள். நல்லவேளை, ஹெல்மெட் போட்டிருந்தேன். முகம் தெரிந்திருக்காது.

இந்த மாதம் போல் சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ நாள் ஆகிறது. எதன் புண்ணியத்தில் என்று யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

ஜூன் 2, திங்கள்

ராஜகோபால் டியூபைச் சோதிக்க வந்தார். டார்ச்சை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். வளையம் நசுக்கிக் காட்டச் சொன்னார். என் ஷெட்டில், என் பிரஸ்ஸில், எனக்கு நானே பரீட்சை எழுதினேன். தாரிணி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். 

"திருப்திங்களா சார்?" என்றாள் அவரிடம். "அப்ப இதையும் எழுதிக்கங்க. மாமாவுக்கு வழி சொல்ற நேவிகேட்டரா நான் உக்காரப் போறேன். எங்கப்பா போட்ட லிங்கை நம்பி அவரு பொண்ணே ஏறுதுன்னு எல்லாத்துக்கும் தெரியட்டும்."

ராஜகோபால் கண் கலங்கிவிட்டார். நல்ல மனிதர்.

வீட்டில் சொன்னபோது கிருபா அவள் தலையில் கை வைத்தான். சுலோச்சனா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. பிறகு ஊற்றினாள்.

ஜூன் 3, செவ்வாய்

போகக் கூடாது என்று கத்தினேன். "காரணம் சொல்லுங்கப்பா" என்றாள். சொல்லவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பின் லிங்குகளை மாட்டியாயிற்று. வெளியிலிருந்து ஒரு வெல்டரைக் கூட்டிவந்து வெல்டு வைத்தேன். பக்கத்தில் நின்று ஒவ்வொரு அங்குலமும் பார்த்தேன். கிருபா தெரு முனை வரை ஓட்டிப் பார்த்தான். தாரிணி பெல்ட்டை இழுத்துக் கொக்கியில் மாட்டுவதற்குள் வண்டி தெருவில் இருந்தது. இருவரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

அவனைக் கீழே இறக்கிக் கன்னத்தில் அறைய வேண்டும் போல் இருந்தது. "மெதுவா எடுடா" என்றேன். "நான் எத்தனை வருஷமா ஓட்டறேன் மச்சான்" என்றான்.

ஜூன் 11, புதன்

இன்று சுலோச்சனா சாப்பிடவில்லை. துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நீங்களே அவகிட்டச் சொல்லிருங்க. என்னால முடியாது" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

தாரிணியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வளையம் நசுக்கியதை, மேல்முகத்துக் கல்லடியை, கஞ்சி கவிழ்ந்த மதியத்தை. முழுக்கக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"அந்த லிங்க் எங்க?"

"உக்கடத்துல போட்டுட்டேன்."

"அப்பா, நீங்க சபையில எந்திரிச்சுத் தப்ப ஒத்துக்கிட்டீங்கன்னு காலேஜ் பூரா சொல்லித் திரிஞ்சேன். அத்தனை பெருமை எனக்கு. இப்ப நான் வண்டியில ஏறக் கூடாதுங்கறதுக்காக மாமா மேல தூக்கிப் போடறீங்க. செத்துப் பொழச்ச மனுசன் மேல."

"அம்மாவைக் கேளு."

கேட்டாள். "ஏம்மா, நெசமா?"

கிருபா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். சுலோச்சனா அந்தக் கதவைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். குக்கர் விசில் வந்தது, அடுப்பை அணைக்கப் போனாள். வரவேயில்லை. தாரிணிக்கு அதுவே போதுமான பதிலாகிவிட்டது. நான் சொன்னது அத்தனையும் கதை என்று எடுத்துக்கொண்டாள்.

என் வார்த்தைக்கு இந்த ஊரில் பெரிய மதிப்பு இருக்கிறது. பிப்ரவரியில் சொன்ன வார்த்தைக்கு.

ஜூன் 13, வெள்ளி

மேகலா ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் போனேன். கடைக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தாள். "வாங்கண்ணா, உக்காருங்க" என்றாள். உட்காராமல் சொன்னேன். பாதி சொல்லும்போது டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

முடித்தேன். திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றேன்.

"நாளான்னைக்கு உங்க பொண்ணு ஏறுதாமா?"

"ஆமா."

"ஏறலைன்னா வந்திருப்பீங்களாண்ணா?"

 வந்திருக்க மாட்டேன். அவளுக்கும் அது தெரிந்துவிட்டது.

மருந்து அட்டை ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "பைப்பு ஒடஞ்சதுக்கு உங்க மேல எனக்குக் கோவமே வரலீங்ணா. இரும்பு, ஒடையும். எனக்குக் கோவமெல்லாம் அவரு மேலதான். பெல்ட் மாட்டியிருந்தா கை காலோட வந்திருப்பாரில்ல, கிருபாண்ணன் வந்தாப்பல. அதக்கூட மாட்டத் தெரியாம எங்களை விட்டுட்டுப் போயிட்டாரேன்னு தெனமும் போட்டோவப் பாத்துத் திட்டறேன். பாப்பாகிட்டயும் அதான் சொல்லி வெச்சிருக்கேன். அப்பா சொன்னாக் கேக்க மாட்டாரு, பெல்ட்டுப் போடல, அதான் செத்துட்டாரு, நீ அப்படி இருக்காதன்னு."

 அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஷெட்டில் நாலு பேர் முணுமுணுப்பார்கள், வேறென்ன போகிறது என்றுதான் சுலோச்சனாவும் நினைத்தாள், நானும் நினைத்தேன். நந்துவிடமிருந்து எதை எடுத்தோம் என்று யாரும் நினைக்கவில்லை.

"நாளைக்கு வண்டி எங்க இருக்கும்?" என்றாள்.

"ஷெட்டுல. சாயங்காலம் டிரையல்."

"வர்றேன்."

ஜூன் 14, சனி

தூறல். கிருபா வண்டியில் உட்கார்ந்து என்ஜினைச் சூடேற்றிக்கொண்டிருந்தான். தாரிணி பக்கத்தில் ஹெல்மெட்டோடு. முந்தாநாளிலிருந்து என்னோடு பேச்சில்லை. சுலோச்சனா பிளாஸ்கில் காபி கொண்டுவந்திருந்தாள், அல்லது காபியைச் சாக்கிட்டு வந்திருந்தாள்.

மேகலா ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டு நேராக வண்டியிடம் வந்தாள். தலையில் போட்ட துப்பட்டா நனைந்திருந்தது.

"கிருபாண்ணா. கடைசியா அவரு என்ன சொன்னாரு?"

கிருபா என்னைப் பார்த்தான். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று என் முகத்திலிருந்தே தெரிந்துகொண்டான். வாய் திறந்தது. வலப்பக்கம் இழுத்த கதை வரப் போகிறது என்று நினைத்தேன். அவள் நகராமல் நின்றாள்.

"நான் சண்டைக்கு வரல. யாரையும் எதுவும் பண்ணப் போறதில்ல. அவரு கடைசியாப் பேசுனது உங்ககிட்டத்தான். எங்கிட்ட யாருமே அதைச் சொல்லல. எனக்கு அது வேணும்."

என்ஜினை அணைத்தான். தகரக் கூரையில் தூறல் விழுவது கேட்டது. அவன் ஸ்டீரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"எறங்கி வழி பாத்துட்டு வந்து ஏறுனான். எடப்பக்கமாப் போடான்னான்." நிறுத்தினான். "அப்புறம், இருடா, பெல்ட் மாட்டிக்கறேன்னான்."

"பெல்ட்டு எங்க இருந்துது?"

"கையில. இழுத்துப் புடிச்சிருந்தான். கொக்கி கிட்ட வந்திருச்சு. நான் எடுத்துட்டேன் மேகலா. டைம் போகுதுன்னு எடுத்துட்டேன்."

தாரிணி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வண்டியிலிருந்து இறங்கினாள். மாமனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. தன் அம்மாவைப் பார்த்தாள். சுலோச்சனா தலையை மட்டும் அசைத்தாள். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, முறிந்து கூடிய அவன் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் உடம்பு குலுங்கியது. அவள் இன்றைக்கு வைத்த கை இனி எத்தனை மாதம் அங்கேயே இருக்கப் போகிறதோ, எனக்குத் தெரியாது. மாத்திரைகள் மறுபடி பீரோவுக்குப் போகும். திரும்ப மாட்டிய குளியலறைத் தாழ்ப்பாளை நான் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும்.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள் மேகலா.

சொன்னான். அதே வார்த்தைகள். அவள் உதடு அசைந்தது, கூடவே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள். எடுத்தது அவள் அம்மாவாக இருக்க வேண்டும், பாப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். டிரில்லிங் மிஷின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

"கண்ணு, அம்மா பேசறேன். இல்ல, பிஸ்கட் வாங்கியாறேன். இதக் கேளு. அப்பா பெல்ட்டு மாட்டத்தான் போனாராமா. ஆமா, நெசமாத்தான். அம்மா தப்பாச் சொல்லிட்டேன் சாமி."